இரண்டு மணிக்கு இறங்கும் நீர்

கவுஞ்சிக்கு மேலே இரண்டு ஓடைகள்.
ஒன்றின் தலைமாட்டில் சீகை மரங்களை வெட்டினோம்,
மற்றதை அப்படியே விட்டோம்.
இரண்டிலும் குறுக்கே ஒரு தகடு, தகட்டில் ஆப்பு வடிவ வெட்டு,
பக்கத்தில் பிளாஸ்டிக் குழாய்க்குள்
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
நீர்மட்டம் குறித்துக்கொள்ளும் கருவி.
அதற்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

கருத்தரங்க அறையில் கேள்வி எளிமையாகத்தான் இருந்தது:
அயல்மரம் போனால் புல் வருமா,
புல் வந்தால் நீர் வருமா,
வந்த நீர் எத்தனை கோடை தாங்கும்?
மூன்று வருடம், ஒரு ஜீப், இரண்டு மழைமானி.
நிதி கொடுத்தவர்கள் கடைசியில்
ஓர் எண் கேட்டார்கள்.

சீகை விதை மண்ணுக்குள்
ஐம்பது வருடம் உறங்குமாம்.
என் திட்டம் வருகிற மார்ச்சோடு முடிகிறது.
முதல் மழைக்குப் பின் வெட்டிய சரிவுக்குப் போனேன்.
புல் இல்லை.
ஒரு சதுர மீட்டரில் நூற்றுப் பன்னிரண்டு சீகைக் கன்றுகள்;
எண்ணி முடிப்பதற்குள்
அட்டை முழங்காலுக்கு ஏறிவிட்டது.
வெட்டியது மரத்தை.
உள்ளே விட்டது வெயிலை.

தலைச்சுமையை இறக்காமலே கேட்டாள் மொக்கத்தாய்:
"இத்தனையும் வெட்டிப்புட்டா நாங்க எதை எரிக்க?"
வினாத்தாளில் அதற்கு இடமிருந்தது.
விறகைச் சார்ந்த குடும்பமா: ஆம், இல்லை.
ஆம் என்று டிக் அடித்தேன்.
அவள் கழுத்தில் புடைத்திருந்த நரம்புக்குக்
கட்டம் எதுவும் போடவில்லை நாங்கள்.

பிப்ரவரியில்தான் கவனித்தேன்.
வெட்டிய ஓடையில்
இரவு இரண்டு மணிக்கு நீர் சட்டென்று இறங்குகிறது,
ஐந்தரைக்கு மீண்டும் ஏறுகிறது.
செவ்வாய். வெள்ளி. மறுபடி செவ்வாய்.
மரங்கள் கிழமை பார்த்துக் குடிப்பதில்லை.

"கருவிக் கோளாறு," என்றார் பேராசிரியர் போனில்,
"அந்தப் புள்ளிகளை நீக்கிடுங்க,
வளைகோடு அழகா வரும்."

வெள்ளி இரவு
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன்.
புல்லின் மேல் உறைபனி உப்பாகப் பூத்தது.
இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
ஒரு டார்ச்.
குழந்தைவேலு, தோளில் சுருட்டிய கறுப்பு ஹோஸ்.
தகட்டுக்கு மேலே இரண்டு கல்லை நகர்த்திச் செருகினார்.
என்னைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை.

"பூண்டு காயுது," என்றார்.
"மரத்தை வெட்டினதுல தண்ணி கூடிருச்சுன்னு
பஞ்சாயத்துல நீங்கதானே சொன்னீங்க.
கூடினதை மட்டுந்தான் எடுக்குறேன்."

கூடினது எவ்வளவு என்று
எனக்கே இன்னும் தெரியாது.
அவருக்குத் தெரிந்திருந்தது:
ஒன்றரை அங்குல ஹோஸ், மூன்றரை மணி நேரம்.
கீழே அமராவதிப் பாசனத்தில் எவரோ
இந்த மூன்றரை மணியைக் காணாமல்
வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பீடி பற்றவைத்துக்கொண்டு
குழாயை விரலால் தட்டிக் கேட்டார்,
"நான் வந்தது இதுக்குத் தெரியுமா?"
தெரியும்.
"எடுக்கலாமா கூடாதான்னு சொல்லுமா?"
அது சொல்லாது.
"அப்ப யாரு சொல்லுவா?"
ஹோஸுக்குள் நீர் விக்கியது,
பிறகு சீராக ஓடியது.

புள்ளிகளை நீக்கவில்லை.
தனியாக ஒரு பத்தி திறந்து அதில் வைத்திருக்கிறேன்.
தலைப்புத்தான் அமையவில்லை.
'பயன்பாடு' என்றால் மற்றவர் வாய்க்கால் மறைந்துபோகிறது,
'களவு' என்றால் பூண்டு.
'மனிதர்' என்று எழுதிப் பார்த்தேன்.
அப்படியானால் முதல் வரிசையில்
என் பெயர் வரவேண்டும்,
நீர் கூடும் என்று
அளப்பதற்கு முன்பே சொன்னவள்.

அறிக்கைக்கு இன்னும் பதினொரு நாள்.
கருவியின் பேட்டரி
ஏழு வருடம் தாங்கும் என்று போட்டிருக்கிறது.
இன்று செவ்வாய்.