அச்சு பெரிது, தகடு சிறிது

வேம்பாயி கொண்டுவந்தது மொத்தம் பதினொன்று.
அரசலாறு வற்றிய சித்திரையில்
பாலத்துக்குக் கீழே மண் சலித்து எடுத்தவை.
ஏழு, சோழன் காசு:
ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள்.
மூன்று, ஒன்றுக்கும் ஆகாத செம்பு.
பதினொன்றாவது
புளித்தண்ணீரில் ஒரு ராத்திரி கிடந்து
காலையில் எழுத்துக் காட்டியது.

கும்பகோணத்தில், பாத்திரக்கடைகளின் பின்சந்தில்
எனக்கொரு மேஜை, ஒரு லென்ஸ், கிராம் தராசு.
வாங்குகிறவர்கள் இரண்டே பேர்.
ஒரே நாளில் இருவரையும் வரச்சொல்லக் கூடாது.
சொல்லிவிட்டேன்.

‘ஹசன்’ என்றார் ஆடிட்டர் கோதண்டபாணி.
‘அஹ்சன்’ என்றார் கூத்தாநல்லூர் அபூசாலிஹ் ராவுத்தர்.
முன்னால் ஓர் அலிஃப் உண்டா, இல்லையா?
தண்ணீரில் நட்ட கழி போல ஒற்றைக் கோடு.
அது நின்றிருக்க வேண்டிய வலது ஓரத்தில்
காசு முடிந்துவிடுகிறது.

அச்சு பெரிது, தகடு சிறிது.
அடித்தவன் கை சாய்ந்த பக்கம்
பேர் பிழைத்தது.
மறுபக்கம்
பட்டறைக் கட்டையில் விழுந்து
கட்டையோடு விறகாய்ப் போயிருக்கும்.

வடக்கே கைத்தல் ஊர்க்காரன் என்று ஒரு கட்சி.
நபி வழி வந்தவன் என்கிறது காசு,
தாஹா யாசீன் வாரிசு என்று
தானே அடித்துக்கொண்ட சான்றிதழ்.
‘போட்டவனே எழுதின வவுச்சர்’ என்றார் ஆடிட்டர்,
முப்பத்தாறு வருஷம் பேரேடு பார்த்தவர்.
ராவுத்தர் கோபிக்கவில்லை.
‘ராவுத்தர்னா குதிரைக்காரன்.
நான் குதிரை ஏறினது பொருட்காட்சியில,
அஞ்சு ரூபா டிக்கெட்.
என் டி.சி.யில லெப்பைன்னு இருக்கு,
தம்பிக்கு ராவுத்தர். ஒரே ஹெட்மாஸ்டர்தான்.’

மதுரை சுல்தான்கள் என்பது நாம் சொல்வது.
அவர்கள் நாட்டுக்கு மஅபர் என்று பேர்.
மஅபர் என்றால் கடக்குமிடம்.
நம் பேச்சில், துறை.
தளபதி ஏறினான், மருமகன் ஏறினான்,
ஒரே குடியா என்பதே வழக்கு.
கல் வெட்டினவன் துலுக்கன் என்று வெட்டி
உளியைத் துடைத்துக்கொண்டான்.
நாற்பது சொச்சம் வருஷத்துக்கு
கடைசியில் மிஞ்சியது ஒரு துறையின் பேர்.
யார் இறங்கினாலும் துறைதான், யார் ஏறினாலும் துறைதான்.

ஆறு மட்டும் ஒழுங்கா?
பழைய பாட்டில் அரிசில்.
எந்த அரசனும் உத்தரவு போடாமலே
அரசலாறு ஆகிவிட்டது.

மூன்றரை மணிக்கு வேம்பாயி பணத்துக்கு வந்தாள்.
முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.
‘என்னதான் எழுதியிருக்கு அதுல?’
ராவுத்தர் திருப்பிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி,
பாதி படித்து, பாதி நினைவிலிருந்து சொன்னார்:
‘ஏழைகளுக்கும் வறியவர்களுக்கும் தகப்பன்.’
‘அப்படியா’ என்றாள்.
‘அப்பனா இருந்தா
சலிச்ச கூலியக் குடுத்துட்டுப் போகச் சொல்லு.’
ஆடிட்டருக்குச் சிரிப்பில் இருமல் வந்தது.
ராவுத்தர் சட்டைப்பையில் கைவிட்டார்,
ஆனால் அதற்குள் நான் எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

விலை படியவில்லை.
மற்றவருக்குப் போகக்கூடாது என்பதில் மட்டும்
இருவரும் ஒரு கட்சி.

விளக்கேற்றிய பிறகு
சின்னக் கவரை எடுத்தேன். என்ன எழுத?
நம் வாயில் ஹ நிற்பதில்லை.
இருவர் வாதமும் எங்கள் தெருவில்
அசன் என்று முடிந்துவிடும்.
அசன் என்று கூப்பிட்டால்
சைக்கிள் கடையிலிருந்து ஒருவர்,
வாடகை பாக்கி வைத்த இன்னொருவர்
திரும்பிப் பார்ப்பார்கள்.

செம்பு. மூன்று கிராம் நானூறு மில்லி.
அரசலாறு, பாலத்தடி.
பேர் என்ற இடத்தில்
‘அ.’ போட்டேன், இனிஷியல் மாதிரி.
புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது,
விரலில் இன்னும் புளித்தண்ணீர்.