பொருள் என்ற கட்டம்

மன்னார் காவல் நிலையத்தில்
எங்கள் உடைமைகளைப் பட்டியல் எழுதினார்கள்.
மூன்று மொழியில் அச்சடித்த படிவம்.
தமிழ்க் கட்டத்தின் தலையில்
‘பொருள்’ என்றிருந்தது.

டார்ச் லைட் ஒன்று. பீடிக்கட்டு, நனைந்தது.
சூசையடிமையின் கழுத்து உத்தரியம்.
என் அரைஞாணில் கோத்த செப்புக் குழலைப்
பேனா முனையால் தட்டி
இது என்ன என்றார் எழுத்தர்.

தாயத்து என்றேன்.
‘சுரய’ என்று முணுமுணுத்தபடி
தன் மொழியில் எழுதிக்கொண்டார்.
எனக்குச் சுரை என்று கேட்டது.
பாம்பன் குந்துகாலில் நீந்தப் பழகிய நாளில்
இடுப்பில் கட்டிய குடுக்கை
ஒரு கணம் மிதந்து வந்து போனது.

லாக்கப்பில் பேச வேறொன்றும் இல்லை.
தாய், அத்து என்று பிரித்துச் சொன்னேன்.
தாயிடமிருந்து அற்றது.
அம்மா சொல்லியிருக்கிறாள்:
நம்பு, உள்ளே இருப்பது உன் தொப்புள்கொடி.
கடல் கேட்டால் காட்டு,
ஏற்கெனவே ஒரு தண்ணியைத்
தாண்டி வந்தவன்னு அதுக்குத் தெரியும்.

சீனி உதுமான் சிரித்தான்.
மதரசாவில் ஐந்து வருடம் ஓதியவன்.
அது அரபு, மாப்ள. தஅவீது.
அடைக்கலம் தேடுறதுன்னு அர்த்தம்.
கப்பல்ல வந்த சொல்லு,
நம்ம கரையில ஏறுறப்ப ரெண்டு பல்லு விழுந்துருச்சு.

அடைக்கலமா, அது எங்க மாதா பேருல்ல
என்றான் சூசையடிமை, கண்ணைத் திறக்காமல்.

விடிந்ததும் ஒரு காவலர் குறடோடு வந்தார்.
தூள் ஏதும் இருக்குமோ என்று சந்தேகம்.
அரக்கு தெறித்தது.
முப்பத்தொரு வருடம் மூடியிருந்த குழல்.

கொடி இல்லை.
சுருட்டிய காகிதம்,
வலமிருந்து இடமாக ஓடிய மை.

ஏர்வாடிக்கு அம்மா எப்போது போனாள்?
யார் எழுதிக் கொடுத்தது?
அப்பாவுக்குத் தெரியுமா?

படி என்று உதுமானிடம் நீட்டினேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான்.
உப்பு தின்னுருச்சு.
ஒரே ஒரு எழுத்துதான் மிச்சம், ஐன்.
அது நம்ம தமிழ்ல இல்ல
என்று தொண்டையை நெரித்துச் சொல்லிக் காட்டினான்.
நான் முயன்றேன். சூசை முயன்று இருமினான்.
குறடு பிடித்த காவலரும்
முகத்தைத் திருப்பிக்கொண்டு
மெதுவாக ஒரு தரம்.

பத்தொன்பதாம் நாள் எங்களை விட்டார்கள்,
படகை விடவில்லை.
குழலைத் தந்தார்கள்,
காகிதம் கோப்பில் இருக்கட்டும் என்றார்கள்.

மண்டபம் கரையில் அம்மா
அழுகைக்கு நடுவே
என் இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.
இருக்கா?

அரக்கு போன வாயைப்
பெருவிரலால் பொத்திக்கொண்டு
இருக்கு என்றேன்.