மூன்றாவது கியர் இடறும்

அந்த ஆள் கத்துவார் என்று நினைத்திருந்தோம்.
கத்துகிறவர்களுக்கு எங்களிடம் பதில் உண்டு:
மூன்று தவணை, அபராத வட்டி,
கம்பெனி லெட்டர், ஸ்டேஷனுக்குச் சொன்ன தகவல்,
கூட வந்த ராசப்பனின் தோள்.

கோயில்பிச்சை சாவியை லுங்கியில் துடைத்துத் தந்தார்.
'மூணாவது கியர் இடறும் அண்ணாச்சி.
ரெண்டுலருந்து நேராத் தள்ளிராதிய.
ஒரு மூச்சு நியூட்ரல்ல நிறுத்திட்டுப் போடுங்க.
இடப்பக்கம் இழுக்கும். பிரேக்கு அடியிலதான் பிடிக்கும்.
மழை வந்தா வைப்பர் ஒண்ணுதான் ஓடும்.'

அவர் மனைவி வாசலில் நின்று
கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள்.
அங்கே கோழி இல்லை.

ராசப்பன் பைக்கில் முன்னால் போய்விட்டான்.
திசையன்விளை தாண்டியதும் ஆனிக் காற்று.
தேரி மணல் செக்கச்செவேலென்று
ரோட்டின் குறுக்கே ஊர்ந்து போகிறது,
யாரையும் கேட்காமல்.
இடப்பக்கம் இழுக்கும் வண்டியை
மேல்காற்று வலப்பக்கம் தள்ளியது.
இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டதில்
நான் ஸ்டியரிங்கைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தேன்,
நேராகப் போனது வண்டி.

சீட்டு குட்டையான ஒருவருக்காக நகர்த்தி வைத்தது.
முழங்கால் இடிக்கிறது. தள்ளி வைக்கலாம்.
தள்ளவில்லை, நாற்பது கிலோமீட்டர்தானே.

இட்டமொழி வேகத்தடையில்
நேராகத் தள்ளினேன், மறந்துபோய்.
நாய் போல உறுமியது கியர்பாக்ஸ்.
ஒரு மூச்சு என்று சொன்னாரே,
யாருடைய மூச்சு?
என்னுடையது பீடியில் பாதியாகிப் போனது.
அடுத்த தடவை
அவர் மூச்சை உத்தேசமாக விட்டுப் பார்த்தேன்.
தண்ணீருக்குள் கை நுழைகிற மாதிரி
விழுந்தது மூன்று.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
நிமிர்ந்தேன். கண்ணாடியில் ரோடு இல்லை.
பின்சீட்டுதான் இருந்தது.
விரித்த துண்டு, பூனைப் படம் போட்ட சின்னத் தலையணை,
அதில் ஒரு தலையின் பள்ளம்.

எந்த வண்டியில் ஏறினாலும்
நான் முதலில் திருப்புவது கண்ணாடியைத்தான்.
இந்த மாதம் பதினொரு கண்ணாடி திருப்பியிருக்கிறேன்.
இன்று கை மேலே போய்
தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.
'ஏல, கண்ணு பொட்டையா?' என்று
லாரிக்காரன் கடந்து போனான்.

இதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மூலைக்கரைப்பட்டியில் டீக்கு நிறுத்தினேன்.
கடைக்காரர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'கோயில்பிச்சை வண்டில்லா?
ஐகிரவுண்டுக்கா? அவரு வரலியா?
பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு?'

'பரவால்ல' என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது
சொன்னது நான் என்று.
அவர் பாட்டிலைத் திறந்து
பேப்பரில் ஒரு பன் சுற்றித் தந்தார்.
'பிள்ளைக்குக் குடுங்க. காசெல்லாம் வேண்டாம்.'

பாளையங்கோட்டை யார்டில்
நாற்பது வண்டிகள் வெயிலில் கண் மூடிக் கிடந்தன.
வாட்ச்மேன் செல்வராகவன் ஃபாரத்தை எடுத்தார்.
ஸ்டெப்னி இருக்கு. ஜாக்கி இல்ல.
டேப் இருக்கு. மேட் நாலு.
'பின்னால கிடக்கிற துணிமணி?'
'எழுதாதீங்க' என்றேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை,
கட்டத்தில் ஒரு கோடு கிழித்தார்.
'கியர் மூணு இடறும்' என்றேன்.
'நானா ஓட்டப் போறேன்?' என்றார்.

கதவைப் பூட்டிவிட்டு
ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தேன்.
கண்ணாடி இன்னும்
அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வண்ணார்பேட்டைக்கு டவுன் பஸ்.
பன் சட்டைப்பையில் சூடாகி
எண்ணெய் இறங்கிவிட்டது.
தின்னவும் முடியாது, எறியவும் முடியாது.
ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் முன்
டிரைவர் ரெண்டிலிருந்து கையை எடுத்தார்.

நான் மூச்சை நிறுத்தினேன்.