இருபத்தாறு

கடலூர் முதுநகர், ஐஸ் கம்பெனி மாடி.
கீழே அமோனியா வாடை. மேலே நான்,
ஒரு கம்ப்யூட்டர், ஒன்பது ஊசி பிரிண்டர்.
"இங்கிலீசுல சீட்டு குடுத்தா எவன் படிப்பான்?"
என்றார் காசிம் மரைக்காயர்.
பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது.
குத்தத் தெரியும்.

கட்டத் தாளில் எழுத்தை உடைத்தேன்.
நெட்டுக்கு எட்டுப் புள்ளி:
உச்சியில் நூற்றிருபத்தெட்டு,
இறங்க இறங்கப் பாதி பாதி, அடியில் ஒன்று.
கறுத்ததைக் கூட்டினால் ஓர் எண்.
எட்டுக்குள் 'பூ' அடங்கவில்லை. வாலை மடித்தேன்.

27, 75, 96, 0.
இனி வருவது எழுத்தில்லை, படம்.
தொண்ணூற்றாறு குத்து, எண்ணிக்கொள்.

முதல் சீட்டு பூங்காவனத்துக்கு.
'பூங்காவ' வரை வந்தது.
'ன' பாதியில் தலை நின்றுவிட்டது.
தொண்ணூற்றாறு என்றாயே, மீதி எங்கே என்று
காத்துக் கிடந்து,
அடுத்து அனுப்பிய
சூசைநாதன் படகின் பன்னிரண்டு பார் கணக்கைப்
புள்ளி என்று நினைத்துத் தின்றது.

இரண்டு ராத்திரி.
'ன'வின் சுழியில், நாலாவது நெட்டில்,
பதினாறு, எட்டு, இரண்டு.
அந்த எண்ணைக் கண்டால்
கோப்பு முடிந்தது என்று
டாஸ் கடையைச் சாத்திவிடும்.

'ன'வை ஒரு புள்ளி மேலே தூக்கினேன்.
எல்லாம் இரட்டித்தது; இருபத்தாறு ஐம்பத்திரண்டானது.
பூங்காவனம் முழுசாக வந்தாள்.
'ன' மட்டும்
சித்திரை வெயிலில் தார் ரோட்டில்
செருப்பில்லாமல் நிற்பவள் மாதிரி
எக்கிக்கொண்டு.

மார்கழியில் சரியான கட்டளை கிடைத்தது:
ஒரு சாய்கோடு, ஒரு பி. அவ்வளவுதான்.
இருபத்தாறும் மற்ற எண்களோடு கடந்து போனது.
'ன'வை இறக்கி வரிசையில் நிறுத்தினேன்.
அழகாக இருந்தது.

மறுநாளே மாடியேறி வந்தாள்,
விரலெல்லாம் சங்கரா செதில், சீட்டு ஊறிப்போய்.
"இது யாரோடது?"
உன்னோடதுதான்.
"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி.
ஆனா எம் பேருல ஒண்ணு எகிறி நிக்கும்.
எவனோ சீட்ட மாத்தி
ரெண்டு பார் அடிச்சிட்டான்."

கீழே போய் எண்ணினோம்.
இரண்டு குறைவுதான்.
அதற்கும் 'ன'வுக்கும் சம்பந்தமில்லை என்று
எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.
ஐஸ் தூக்குகிறவன் தரையைப் பார்த்தான்.

சாயங்காலம் உட்கார்ந்து
மறுபடி தூக்கினேன், ஒரு புள்ளி.
மரைக்காயர் கேட்டால் சொல்ல
ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்.
கடைசிவரை அவர் கேட்கவேயில்லை.