நட்டக் கணக்கு

முல்லைத்தீவு ஐஸ் தொழிற்சாலையில்
திங்கள் கூட்டம்.
நான் பேசினால் எல்லாரும் தலையாட்டுவினம்.
அதனால் இம்முறை வாய் திறக்கவில்லை.

மின்விசிறி மட்டும் பேசிற்று, நெடுநேரம்.
பிறகு லொறிக்கார யோகநேசன்,
கதவடியில் நின்றபடி:
“பெட்டிக்கு ரெண்டு சுவர் வைச்சு
நடுவில உமி அடைஞ்சால்
மாங்குளம் தாண்டியும் மீன் விறைப்பா நிக்கும்.”

அடைந்தோம்.
ஒட்டுசுட்டானிலேயே
உமி நனைந்து, ஊதி, பலகை பிளந்து
பன்னிரண்டு பெட்டிப் பாரை நாறியது.

கணக்கெழுதும் கமலரூபி
பேனை மூடியைக் கழற்றிக் கேட்டாள்:
“நட்டத்தை ஆற்றை பேரில எழுத?”
அறை முழுக்க
யோகநேசனின் செருப்பைப் பார்த்தது.

என் பேரைச் சொன்னேன்.

அடுத்த திங்கள்
நாற்காலி போதவில்லை.
தரை கழுவும் பிள்ளை கேட்கிறாள்,
உமியைப் பொலித்தீனில் கட்டினால் என்ன?