வலது பக்கம் ஆளில்லை

மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு ரப்பர் புகைக்கூடம்.
ஷீட்டு தொங்கும் கொடிகளுக்குக் கீழே
பின்சீட்டில் கோழி அடைகாக்க நின்றிருந்தது
டொயோட்டா செலிக்கா, எழுபத்தாறாம் வருட மாடல்.
ஆர்.சி. புத்தகத்தில் நிறம்: மஞ்சள்.
பதினொரு வருடப் புகையில்
தேன் நிறம் என்றேன் நான்.
கருவாடு என்றார் கிளீட்டஸ்.

சண்டைக்கு முந்தின வருடம்
குவைத்திலிருந்து கப்பலேறி வந்த வண்டி.
கொண்டுவந்த டென்னிசன் இப்போது கல்லறையில்.
மகன்களுக்குக் கனடா.
தோட்டக்காரன் இரும்பு விலை சொன்னான்,
கோழிக்குத் தனி.

ஸ்டியரிங் இடது பக்கம்.
வாங்க வந்தவர்களையெல்லாம் விரட்டியது அதுதான்.
சால்மியா ஆஸ்பத்திரியில் பதினேழு வருடம் இரவு டூட்டி எனக்கு.
வண்டி பழகியதும் அங்கேதான்.
ஊருக்கு வந்து தம்பியின் ஸ்விஃப்டில்
கியர் என்று கதவைத் தடவிக்கொண்டிருந்தவள்
இதில் ஏறியதும்
வலது கை தானாகப் போய் உட்கார்ந்தது.
எங்கோ செய்து எங்கோ ஓட அனுப்பிய சாமான்
எங்கள் மாவட்டத்தில் நிறைய உண்டு,
என்னையும் சேர்த்து.

கிளீட்டஸ் குளச்சலில் வள்ளத்து எஞ்சின் பார்ப்பவர்.
காரில் கைவைத்ததில்லை.
"ஜப்பான்காரன் செஞ்சதுதானே"
என்று கார்புரேட்டரைக் கழற்றி
மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டார்.
ஊசித் துளைகளை ஊதி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
நான் ஸ்டெதாஸ்கோப்பை எஞ்சின் தலையில் வைத்து
மூன்றாவது வால்வு தட்டுகிறது என்றேன்.
"செத்துருமா?"
மாட்டாது, கொஞ்சம் இறுக்கினால் போதும்.

துருதான் தீராத வழக்கு.
கடற்கரையில் நிறுத்தும் எதற்கும்
கடல் முதலில் வட்டி கேட்கும்.
கதவின் அடித்தகடு
விரல் பட்டதும் அப்பளமாய் உதிர்ந்த அன்று
இரண்டு பேரும் பேசவில்லை.

பின்விளக்குக் கண்ணாடி ஒசாகாவிலிருந்து வந்தது,
பழைய செய்தித்தாள் சுற்றி.
ஒரு எழுத்தும் தெரியாது.
சந்தையில் வரிசையாக மீன் கிடக்கும் படம்.
"கேரை" என்றார் கிளீட்டஸ்,
"நல்ல விலைக்குப் போயிருக்கும்."
விளக்கைப் பிறகுதான் பார்த்தார்.

செலிக்கா என்றால் லத்தீனில்
வானத்துக்குரியது என்று
பங்குச்சாமிக்கு ஒரே சந்தோஷம்.
மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார்.
பின்னாலேயே துணியோடு ஓடித் துடைத்தார் கிளீட்டஸ்:
"சாமி, இதுல உப்பு உண்டுல்லா!"

மாதத்தில் ஒரு ஞாயிறு, முட்டம் கலங்கரை விளக்கு.
குலசேகரம் ராபின்சனின் டாட்சன்,
தக்கலை நஸ்ருதீனின் சதுர முக ஹோண்டா,
எப்போதும் பாதி வழியில் நிற்கும் ஒரு மஸ்தா.
பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
கல்யாண வீடு மாதிரிப் பேச்சு.
சுற்றி நிற்பவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றே:
மைலேஜ் எவ்வளவு தரும்?
தராது, வாங்கும்.

மண்டைக்காடு தாண்டி ரோடு காலியாக இருந்தால்
மூன்றாம் கியரில்
எஞ்சினுக்குத் தொண்டை திறக்கும்.
வளைவில் பின்சக்கரம் லேசாக இடுப்பை அசைத்து
மறுபடி கோட்டுக்கு வரும்.
எனக்கு ஐம்பத்தி இரண்டு வயது.
அந்த அரை நொடியில் எனக்கு வயது கிடையாது,
கடன் உண்டு.

போன வாரம் குளச்சல் கடற்கரையில்
சாவி திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான்.
கரமடி இழுத்து முடித்த கூட்டம்
வலையை விட்டுவிட்டு வந்தது.
"எல்லாரும் ஒண்ணு போல, மக்கா!"
வலைக்குக் கொடுத்த அதே மூச்சு,
இந்த முறை முன்பக்கமாக.
மீன் செதிள் ஒட்டிய பதினாறு கைகள்
என் புது மஞ்சள் பெயின்டில்.
இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன்.
இருமி, குதித்து, பிடித்துக்கொண்டது.

நிறுத்தினால் அணைந்துவிடும்.
இடது ஜன்னலில் கையை நீட்டி
நன்றி என்று கத்திக்கொண்டே போனேன்.
கண்ணாடியில் பார்த்தேன்:
எட்டுப் பேரும் சிரித்துக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள்,
வலது பக்கத்துக்கு,
ஆளில்லாத சீட்டுக்கு.