செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை

போன வாரம் கதையில்
அணை உடைந்து ஏழு ஊர் போனது.
யாரும் நிமிரவில்லை.
மந்திரி செத்தார்;
கொக்கி எண்ணிக்கொண்டே
"ம்" என்றாள் இருசாயி.

இன்றைக்கு அந்த வசந்தாமணி
கடன் கேட்க வங்கிக்குப் போனவள்
வார் அறுந்த செருப்பின் ஊக்கு தெரியாமல்
சேலைக் கரையை இழுத்துவிட்டு நின்றாள்.
அவ்வளவுதான்.

ஊதுகுழல் நின்றது.
பாலிஷ் மோட்டாரை யாரோ அணைத்தார்கள்.
"குடுத்துருவானா மேனேஜரு?"
கைபேசியிடம் கேட்கிறாள் இருசாயி,
அடகுச் சீட்டை இடுப்பில் செருகியிருப்பவள்.

தொடரும் என்றது குரல்.
எழுதினவனைத் திட்டித் தீர்த்தோம்.

மூணு மணிக்குத்
தட்டுவடை செட்டு வாங்க வெளியே வந்தவன்
லீபஜார் வங்கிப் படியில்
ஏறுகிறவர்களின் முகத்தை விட்டுக்
கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஒருத்தி என்னைக் கவனித்தாள்.
சட்டென்று
சேலையைத் தாழ்த்தினாள்.